பதினேழாம் பாலம் நலமாக இருக்கிறது

1

பத்திரிகை ஒன்றின் போர்ச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். "எல்லாரும் அழுகாச்சியா எழுதி அனுப்பியிருக்காங்க. நீங்களாவது சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார் ஆசிரியர். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். போரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் பிறந்தபோது அது முடிந்து, சண்டை போட்ட இரண்டு தரப்பும் சேர்ந்து சிமெண்ட் விற்க ஆரம்பித்திருந்தார்கள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. கதவு காற்றில் அடித்துக்கொண்டாலே நெஞ்சு படபடக்கிறவள் நான். என்னிடம் இருந்தது ஒரே சரக்குதான். என் சித்தி.

எங்கள் வீட்டில் அதற்குப் 'பாலத்துக் கதை' என்று பெயர். நாலு பேர் கூடினால் யாராவது எடுத்துவிடுவார்கள். வெடிமருந்துப் பெட்டிகள் வரும் இடத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஒருவர் டீ போட எழுந்து போவார். கதை அங்கேயே நின்றுவிடும். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதற்கு அப்புறமும் கதை இருக்கிறது என்பது தெரிய எனக்குத் தலையில் நரை விழ வேண்டியிருந்தது.

எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"எழுதேன், யாரு வேண்டாங்கறா? ஆனா ரெண்டு விஷயம். என்னைப் பாவம்னு காட்டாத. அவரை வீரன்னு காட்டாத."

"அப்புறம் என்னதான் காட்டுறது சித்தி?"

"நடந்ததைக் காட்டு. அது உனக்குக் கஷ்டம்னா விட்டுடு."

2

முதல் தொடக்கம்: *விடிந்தபோது பாலம் இல்லை.*

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "சாயங்காலம்டி. நான் ரொட்டிக் கம்பெனியில தட்டுக் கழுவிட்டு இருந்தேன். ஜன்னல் எல்லாம் ஒரு குலுக்கு குலுக்குச்சு."

இரண்டாம் தொடக்கம்: *அந்த ஆற்றுக்கு இரண்டு கரைகள் இருந்தன, அவளுக்கோ—*

[நிறுத்திவிட்டேன். ஆற்றுக்கு இரண்டு கரை என்று சொல்ல ஓர் எழுத்தாளர் எதற்கு?]

மூன்றாம் தொடக்கம்: *சித்தப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம்.*

சித்தி சிரித்துவிட்டாள். "இது சரி. இதுலயிருந்து போ."

சரி, இதிலிருந்தே போகிறேன். சித்தப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிக்கும்போது கூடக் கண்ணை மூடமாட்டார், சோப்பு எரிந்தாலும் சரி. ஆள் ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். படையில் அவருக்கு 'நெட்டை' என்று பேர். ஆள் சேர்க்கும்போது நீச்சல் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றார். உடனே ஆற்றுப் பாலத்தில் காவலுக்குப் போட்டார்கள். நீந்தத் தெரியாதவன் ஆற்றில் குதித்து ஓடமாட்டான் என்பது அந்த அதிகாரியின் கணக்கு. அவ்வளவு யோசிக்கிற ஆட்கள் இருந்தும் எப்படிப் போரில் தோற்காமல் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த ஊர் ஆற்றின் இரண்டு பக்கமும் இருந்தது. சித்தி வேலை செய்த ரொட்டிக் கம்பெனியும், அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையும் இந்தக் கரையில். சித்தப்பாவின் காவல் கூண்டு அந்தக் கரையில், பாலம் முடிகிற இடத்தில். ஓய்வு நாளில் அவர் பாலத்தில் நடந்து வீட்டுக்கு வருவார், நடுவில் ஒரு தடவை கூடக் கீழே பார்க்காமல். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவர் வரும் நாளில் சித்தி கம்பெனியிலிருந்து ஓடி வருவாளாம். "நடந்து வந்தேன்னு எழுது" என்கிறாள் இப்போது. ஓடித்தான் வந்தாள், என் அம்மா பார்த்திருக்கிறாள்.

3

ஆற்றின் மேல்பக்கம், ஒரு நாள் பயணத் தொலைவில், இன்னொரு பாலம் இருந்தது. அதற்கு எண் 71. சித்தப்பா காத்த பாலத்துக்கு எண் 17. எதிரி 71-ஐ நோக்கி வருகிறான், அதைத் தகர்த்துவிடு என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு கிளம்பியது. வரும் வழியில், எந்தத் தட்டச்சு மேசையிலோ, ஏழும் ஒன்றும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

லாரியில் வந்து இறங்கியவர்கள் மரியாதையானவர்கள். சித்தப்பாவுக்கு ஒரு சிகரெட் கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், இந்தப் பக்கம் எதிரியே இல்லையே சார்."

"அத நாங்க முடிவு பண்றதில்ல. இது பதினேழுதானே?"

"பதினேழுதான் சார்."

"பேப்பர்லயும் பதினேழுதான். தள்ளி நில்லு தம்பி, கல்லு தெறிக்கும்."

வேலை முடிந்தது, உத்தரவு நிறைவேறியது என்று தகவல் போனது. தலைமையகம் தன்னுடைய பதிவில் '71 தகர்க்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டது. தவறு தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 71-ஐத் தகர்த்ததற்காக ஒரு தளபதிக்குப் பதக்கம் குத்தியாகிவிட்டது. குத்திய பதக்கத்தைக் கழற்றுவதை விட, விழுந்த பாலத்தை நிற்க வைப்பது சுலபம். ஆகவே 71 தகர்க்கப்பட்டது. 17 நலமாக இருக்கிறது.

(இடையில் ஒரு குறிப்பு: அப்படியானால் எதிரி ஏன் 71 வழியாக உள்ளே வரவில்லை? "நம்ம பேப்பர்ல பாலம் போச்சுன்னு போட்டாங்க. அத அவங்களும் படிச்சாங்க, நம்பிட்டாங்க" என்கிறாள் சித்தி. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் எதிரிக்கும் ஒரு தலைமையகம் இருந்திருக்கும் அல்லவா.)

பாலம் நலமாக இருப்பதால் அதற்குக் காவல் வேண்டும். சித்தப்பா நின்றார். கைப்பிடிக்கு அடிக்கப் பெயிண்ட் டப்பாக்கள் வந்தன. பாலத்தைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வந்தார். கரை விளிம்பில் நின்று, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆட்டம் எதுவும் இருக்கா?"

"இல்ல சார்."

"துரு?"

"துருவும் இல்ல சார்."

"விரிசல்?"

"ஒண்ணு கூட இல்ல சார்."

சித்தப்பா பொய்யே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சித்திக்குத்தான் வழி அடைபட்டது. பாலம் இருக்கும் இடத்தில் படகு ஓடக் கூடாது என்று பழைய விதி. படகுக்காரர்களை விரட்டிவிட்டார்கள். அவள் பாஸ் ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா நல்ல மனுஷன், உட்கார வைத்துப் பேசினார்.

"பாலம்தான் இருக்கேம்மா, நடந்து போக வேண்டியதுதானே?"

"பாலம் இல்லீங்க."

"எங்க பேப்பர்ல இருக்கே."

"உங்க பேப்பர் மேல நடக்க முடியுமா?"

"அதுக்குத்தாம்மா பாஸ்" என்று சொல்லி, பதினேழாம் பாலத்தைக் கடக்க அவளுக்கு ஒரு பாஸை முத்திரை குத்திக் கொடுத்தார்.

4

இனி அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற காலம். ஆறு அகலமானது, கத்தினாலும் கேட்காது. ஆள் தெரியும், முகம் தெரியாது. சித்தப்பா உயரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று என்பாள் சித்தி. வேலை முடிந்ததும் அவள் கரைக்குப் போய் உடைந்த தூண் பக்கத்தில் நிற்பாள். அந்தப் பக்கம் ஒரு கம்பு மாதிரி அவர் நிற்பார்.

ஒரு நாள் அந்தக் கம்பு இரண்டு கொடிகளை எடுத்து ஆட்ட ஆரம்பித்தது.

படையில் தூரத்துக்குச் செய்தி சொல்ல ஒரு கொடி மொழி உண்டு. சித்திக்கு அது புரியவில்லை. ரொட்டி வாங்க வரும் ஓய்வு பெற்ற படைச் சிக்னல்காரர் ஒருவரைப் பிடித்து, ஆறின ரொட்டி கொடுக்காமல் சூடாக எடுத்துக் கொடுத்து, கற்றுக்கொண்டாள். அப்புறம்தான் சங்கடம். அந்த மொழியில் மனைவி இல்லை. சாப்பிட்டாயா இல்லை. தூக்கம் வரவில்லை, உன் தலைமுடி வாசனை, நேற்று ஏன் வரவில்லை, எதுவுமே இல்லை. எதிரி, துருப்பு, இடப்புறம், வலப்புறம், முன்னேறு, பின்வாங்கு, உணவு, வெடிமருந்து. இவ்வளவுதான் அதன் அகராதி.

இருக்கிறதை வைத்துத்தானே பேச வேண்டும்? சித்தப்பா முதலில் சொன்னது: *வலப்புறம் எதிரி இல்லை.* சித்தி மாவு மூட்டைத் துணி இரண்டைக் கிழித்து, கையில் பிடித்துப் பதில் சொன்னாள்: *செய்தி கிடைத்தது.* கொஞ்ச நாளில் இருவருக்கும் அந்த வறட்டு மொழி பழகிவிட்டது. *நிலையில் நில்* என்றால் நாளைக்கும் வருவேன். *துருப்புகள் களைத்துள்ளன* என்றால் உடம்பு சரியில்லை. அவளை நினைத்துத் தாங்க முடியாமல் போகும் நாளில் சொல்வார்: *வெடிமருந்து தீர்ந்துவிட்டது.*

அதை அவர் தினமும் சொல்ல ஆரம்பித்தார்.

குன்றின் மேல் ஒரு கண்காணிப்புச் சாவடி இருந்தது. அங்கிருந்தவர்கள் கடமை தவறாதவர்கள். பதினேழாம் பாலத்துக் காவலன் வெடிமருந்து தீர்ந்துவிட்டது என்று தினமும் கதறுகிறான் என்று மேலே தெரிவித்தார்கள். லாரிகள் வந்தன. கூண்டுக்குள் பெட்டி, கூண்டுக்கு வெளியே பெட்டி, கூரை உயரத்துக்குப் பெட்டி. பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கு மாலையும் அவர் கொடி ஆட்டினார்: *வெடிமருந்து தீர்ந்துவிட்டது.* மறுநாள் இன்னும் இரண்டு லாரி.

[வீட்டில் சிரிப்பு வெடிக்கும் இடம் இதுதான். டீ போட எழுந்து போகிறவர்கள் போகலாம்.]

5

எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சித்தப்பா மேல்தான். விரட்டப்பட்ட படகுக்காரர்கள் காதோடு காதாகச் சொல்லி, 71 நிற்கிறது என்று இரண்டு கரையிலும் தெரியும், அவருக்கும்தான். அந்தப் பாலத்துக்குக் காவல் கிடையாது, இல்லாத பாலத்தை யார் காப்பார்கள்? அதன் வழியாக நடந்து அவர் வீட்டுக்கு வந்திருக்கலாமே. ஓடிப்போனால் சுடுவார்கள் என்ற பயமா? கடமையா? நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

*நாளாக ஆக, அவருடைய மனதில் பாலம் மெல்ல மெல்லத் திரும்ப எழுந்துகொண்டிருந்தது—*

"பைத்தியம்னு சொல்ல வர்றியா?" என்றாள் சித்தி. குரல் மாறியிருந்தது.

"அப்படி இல்ல சித்தி. ஒரு காரணம் வேணுமே."

"அவரு வீட்டுக்கு வந்தா மறுநாளே புடிச்சுட்டுப் போயிருப்பாங்க. எங்க கொண்டு போவாங்கன்னு யாருக்குத் தெரியும்? அங்க நின்னா நான் பாப்பேன். நான் பாக்கற இடத்துல நிக்கணும்னு நின்னாரு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் உனக்கு?"

வாக்கியத்தை அடித்துவிட்டேன். இருந்தாலும் அதை இங்கே விட்டுவைக்கிறேன், என் புத்தி எப்படி ஓடியது என்று நீங்கள் பார்ப்பதற்காக.

6

அவர் வர முடியாது என்றால் நான் போகிறேன் என்று சித்தி முடிவெடுத்தாள். கம்பெனியில் அக்காவுக்குப் பிரசவம் என்று விடுப்பு கேட்டாள். (அக்கா என்றால் என் அம்மா. அப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.) பஸ் போகும் மட்டும் பஸ், அதன் பிறகு நடை.

71 அப்படியே நின்றது. முழுப் பாலம், கைப்பிடியோடு. மனுஷ நடமாட்டம் இல்லாமல் நடுவில் புல் முளைத்திருந்தது. சித்தி அதில் ஏறி நடந்தாள்.

"பயமா இருந்துச்சா சித்தி?"

"கால் கூசுச்சு. இல்லைன்னு எல்லாரும் சொல்ற ஒண்ணு மேல நடக்கறோமேன்னு. ஒவ்வொரு அடியும் வெச்சுப் பாத்து வெச்சேன்."

அந்தக் கரையோரமாக நடந்து பதினேழை நெருங்கும்போது ரோந்துக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நேரே ஒரு மேஜரிடம் கொண்டு போனார்கள். வழுக்கைத் தலை, தூக்கம் கெட்ட கண்கள். பாஸை வாங்கிப் பார்த்தார்.

"எப்படி வந்தீங்க?"

சித்தி வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுபத்தொண்ணுன்னு சொன்னீங்கன்னா, நீங்க எதிரி வழியா வந்த ஆளு. உங்களை உள்ள வெக்கணும். தகர்த்த பாலம் எப்படி நிக்குதுன்னு என்னையும் சேத்து உள்ள வெப்பாங்க. பதினேழுன்னு சொன்னீங்கன்னா, புருஷனைப் பாக்க வந்த பொண்ணு. இன்னிக்கு ஒரு நாள் தங்கிட்டுப் போகலாம்."

"பதினேழுல பாலமே இல்லையே சார்."

"தெரியும்மா. நான் தினமும் அந்தப் பக்கம்தான் காலாற நடக்கறேன்."

அவர் ஒரு வாக்குமூலம் எழுதி நீட்டினார். *பதினேழாம் பாலத்தின் வழியாகச் சிரமமின்றி வந்து சேர்ந்தேன்.*

சித்தி அதை இரண்டு தடவை படித்தாள். அவள் படிக்காதவள் அல்ல. பொதுஜனம் ஒருத்தி கடந்து வந்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாலம் இனி விழவே விழாது. விழாத பாலத்துக்குக் காவலும் ஓயாது. புருஷனை அந்தக் கூண்டிலேயே வைத்துத் தைக்கிற ஊசியை அவள் கையிலேயே கொடுக்கிறார்கள். மறுத்தால் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்க்காமலே ஜெயிலுக்குப் போக வேண்டும்.

"அந்தச் 'சிரமமின்றி'யை மட்டும் எடுத்துடுங்க சார்" என்றாள்.

மேஜர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

(இங்கே நான் நிறைய எழுதியிருந்தேன், ஒரு பெண்ணின் ஒரு நாளும் ஒரு நாட்டின் பொய்யும் என்றெல்லாம். சித்தி பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'பசி' என்று எழுதினாள். என்ன என்று கேட்டேன். "எனக்கு அப்போ பசி. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. சீக்கிரம் கையெழுத்துப் போட்டா அவரோட சாப்பிடலாம்னு போட்டேன்.")

7

மறுநாள் காலை மேஜரே கரைக்கு வந்தார். வந்த வழியே அவள் திரும்பிப் போனதாகக் காவலன் பதிய வேண்டும். சித்தப்பா பதிந்தார். மேஜர் அதில் தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு சித்தியைப் பார்த்து, "நீங்க போயிட்டீங்கம்மா" என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அவர் சொன்னதன் அர்த்தம் சித்திக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் போய்விட்டாள். போய்விட்டவளை யாரும் போகச் சொல்ல முடியாது.

அவள் தங்கிவிட்டாள். இல்லாத பாலத்தின் காவல் கூண்டில், இல்லாத மனைவியாக. வெடிமருந்துப் பெட்டிகளை நெருக்கிப் போட்டு, மேலே போர்வை விரித்துக் கட்டில் செய்தார்கள். அவர் அவளை நினைத்து வரவழைத்த பெட்டிகள்தானே. ஒரு ஆளுக்கு வரும் சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டார்கள். ஆய்வாளர் மறுபடி வந்தபோது அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒளிய நேரமில்லை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், "ஆட்டம் எதுவும் இருக்கா?" என்று ஆற்றைக் கேட்டார்.

"அந்த நாள்ல நாங்க சண்டையே போடலன்னு எழுதிடாத. போட்டோம். கொடியில பேசறப்போ சண்டை வராது. பக்கத்துல இருந்தா வரும்ல? அவரு குறட்டை விடுவாரு. நான் விளக்கை அணைக்க விடமாட்டேன், அவரு மூஞ்சியப் பாக்கணும்னு. அதுக்கு ஒரு சண்டை."

அவரைத் தண்ணீரில் இறக்கப் பார்த்ததும் அப்போதுதான். கையைப் பிடித்து ஒவ்வொரு நாளும் ஒரு படி. கணுக்கால் வரை வந்தார். "போதும், இன்னிக்கு இது போதும்" என்பார். முழங்கால் வரை வந்த அன்றைக்கு, ஆற்றுக்குள் நின்றபடியே அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று மாலை அவர் அவளுடைய—

[வேண்டாம்.]

"இந்த இடத்தைக் கொஞ்சமா எழுது" என்று சித்தி சொல்லியிருக்கிறாள். பக்கம் பக்கமாக எழுத எனக்குக் கை பரபரக்கிறது. கொஞ்சமாகவே எழுதியிருக்கிறேன். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "எண்ணல" என்றாள்.

8

சந்தோஷத்தைக் கலைக்க எதிரி வரவில்லை. பாராட்டு வந்தது.

போர் முடியும் தறுவாய். அந்தப் பகுதியில் இருந்த பாலங்களில் விழாமல் நின்ற ஒரே பாலம் பதினேழு என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். அதைக் காத்தவனுக்குப் பதக்கம். பாலத்தைக் காப்பது எப்படி என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொலைதூரப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல். மாற்றுக் காவலன் பின்னால் வந்துகொண்டிருக்கிறான், நீ உடனே ஏறு என்று லாரி வந்து நின்றது.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் சார்" என்றார் சித்தப்பா.

லாரியில் வந்த அதிகாரி ஆற்றைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற சித்தியைப் பார்த்தார். "வீடு அந்தக் கரையில இல்ல இருக்கு? நேரம் இல்ல, ஏறு."

அவள் அங்கே இல்லை. அதனால் போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. கொடிகளை ஒப்படைத்துவிட்டார். லாரியின் பின்பக்கம் ஏறி, வெறும் கையை உயர்த்தினார். ஆட்டவில்லை, சும்மா உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "யாருக்குடா கை காட்டற?" என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்டது சித்தியின் காதில் விழுந்தது. "பாலத்துக்கு" என்றார்.

அவள் 71 வழியாக நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போர் முடிந்தது. அவள் படை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பதினேழாம் பாலத்துல பணியில இருக்காரு. நலமா இருக்காரு."

நடந்தது இதுதான். மாற்றுக் காவலன் வந்து சேரவே இல்லை. மாற்று ஆள் வராமல் பழைய ஆள் விடுவிக்கப்பட்டதாகப் பதிய முடியாது. விடுவிக்கப்படாதவன் கிளம்ப முடியாது. கிளம்பாதவன் எங்கேயும் காணாமல் போக முடியாது. சித்தி அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்தாள். கூண்டின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே பெட்டிகள் கூட இல்லை. திரும்ப ஜன்னலுக்கு வந்து கத்தினாள், மேசையைத் தட்டினாள். நலமா இருக்காரும்மா என்றார்கள். பயிற்சிப் பள்ளியில் கேட்டால், அப்படி ஒருவர் எங்களிடம் வரவே இல்லை, அவர் பதினேழில் இருக்கிறார் என்றார்கள்.

வருஷா வருஷம் அவள் போகிறாள். இதைப் பிடிவாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஒரு சாதாரணப் பெண் ஒரு பெரிய பொய்யோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று. அப்படி ஒரு பத்தியும் எழுதிவிட்டேன். சித்தி படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ஆரம்பத்துல அப்படித்தான். இப்ப சண்டை போடறதில்ல."

"அப்புறம் ஏன் போறீங்க?"

அவள் ஜாக்கெட் கையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"உங்கம்மாகிட்ட கேட்டா போயிட்டார்டிங்கறா. அக்கம்பக்கத்துல கேட்டா எவளையோ கட்டிட்டு எங்கயோ இருப்பாருங்கறாங்க. அவரு நல்லா இருக்காருன்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல அந்த ஒரு ஜன்னல்தாண்டி இருக்கு."

9

சிறப்பிதழ் ஆசிரியர் போன் பண்ணினார். முடிவு எப்போது வரும், சிரிப்பு முடிவுதானே என்றார். நான் மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் சித்தியிடம் கொடுத்தேன்.

அ. சித்தப்பா வேறோர் ஊரில், வேறொரு பேரில், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். வயதாகி முதுகு கூனியும் உயரம் குறையவில்லை.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "முதுகு வலிக்குமே. யாராவது தேச்சு விடறாங்கன்னு சேத்துக்கோ."

ஆ. அந்த லாரி போன சாலையில் கண்ணிவெடி.

தாளை இரண்டாக மடித்து, என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடிவிட்டாள்.

இ. ஒரு நாள் மாலை, சித்தி உடைந்த தூணருகே நிற்கிறாள். எதிர்க்கரையிலிருந்து அவர் புறப்படுகிறார். பாலம் இல்லாத இடத்தில், காற்றில், கைப்பிடியைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, தண்ணின்னா பயம்னு நீதானே எழுதின? பாலம் இருக்கறப்பவே கீழ பாக்கமாட்டாரு. இப்படி அந்தரத்துல விட்டா மயங்கி விழுந்துடுவாரு, பாவம்."

10

எனக்கு முடிவு இல்லை. என்னிடம் இருப்பது போன வாரம் நடந்தது மட்டும்தான்.

சித்திக்கு இப்போது படி ஏறக் கஷ்டம், அதனால் நானும் கூடப் போனேன். அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம், புது வர்ணம், வரிசையில் நிற்க டோக்கன். பழைய ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் ஒரு புதுப் பெண். சித்தி விவரம் சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்கு வர முடியுமாம்மா? நான் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அங்கே ஒருவரும் விசாரிக்கிறேன் என்று சொன்னதில்லை. மறுநாள் சித்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். போகணுமா என்று கேட்டேன். "போகாம எப்படி இருக்கறது?" என்றாள்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளுக்கு என்னவோ கிடைத்திருக்கிறது. நாலு இடத்தில் கேட்டு, பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து, ராத்திரி சரியாகத் தூங்காத முகம்.

"உக்காருங்கம்மா. நான் ரெண்டு மூணு எடத்துல விசாரிச்சேன்..."

"இங்க எப்பவும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க" என்றாள் சித்தி. கெஞ்சுகிற குரலா, எச்சரிக்கிற குரலா, தெரியவில்லை. அவள் கூடவே இருந்து கதை எழுதிய எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் சித்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது ஜாடை காட்டுவேனா என்று. நான் தரையைப் பார்த்தேன்.

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அதை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். உங்களுக்கு உண்மை தெரியும். அது நல்லதா கெட்டதா என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரொட்டி மாவு பிசைந்து விரல் முட்டியெல்லாம் புடைத்துப்போன ஒருத்தி குனிந்து நிற்கிறாள். வரிசையில் பின்னால் இருப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அவளுக்கு அவசரமில்லை. தலையை நிமிர்த்தி, உங்கள் முகத்தைப் பார்த்து, பக்கத்து அறையில் இருக்கிறவரை விசாரிக்கிற மாதிரிதான் கேட்கிறாள்.

"எப்படி இருக்காரு?"